நாற்பத்தோராம் ஆசனம்

ராகலை பஜாரில் என் கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்கள் மாவும் சீனியும் கருவாடும் வாங்கிக்கொண்டு போவார்கள். பழனியாண்டி மட்டும் போகுமுன் ஓர் அரண்மனையையும் என் மேசையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்.

“எங்க பூட்டன் அரமனையில நாப்பத்தோராவது ஆசனத்துல ஒக்காந்தவருங்க மொதலாளி.”

“அப்ப நாப்பதாவது ஆசனத்துல யாரு?”

“அத அந்த ஆளோட பேரப்பிள்ளைங்கதான் சொல்லணும்.”

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தக் கதையில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் வீட்டுச் சாமி மூலையில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. உள்ளங்கை அகலம். மேலே ஒரு குதிரைத் தலை, அதன் கீழே 41 என்று இலக்கம். பூட்டன் கப்பலேறி வந்தபோது அவர் கழுத்தில் கிடந்ததாம். சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் தேர் கிளம்பும்போது, அந்த வில்லையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு தேருக்கு முன்னால் பழனியாண்டி நடப்பார். பூசாரி முதல் பரிவட்டத்தை அவர் தலையில்தான் கட்டுவார். மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளை கூப்பிடும் நம்பருக்குக் கை தூக்குகிற மனிதர். வருடத்தில் ஒரு நாள் ராஜா வீட்டு ஆளாக நடந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்திருந்தேன்.

நட்டம் வினோதாவுக்கு என்று தெரிய வந்தது போன தை மாதம்.

வினோதா அவருடைய ஒரே பெண். உயர்தரம் வரை படித்தாள். உத்தியோகம் கிடைக்கவில்லை. தாய் நாகலெட்சுமிக்கு முழங்கால் போன பிறகு, தாயின் இடத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகிறாள். அவளுக்கும் சுதாகரனுக்கும் பழக்கம். சுதாகரன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல்; குடிப்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஊருக்கு வந்தால் தாய்க்கு ஒரு கிலோ ஆப்பிள் வாங்காமல் போவதில்லை. குறை என்று சொன்னால் ஒன்றுதான். அவனுடைய அப்பா தோட்டத்துக்குத் தப்படிக்கிறவர். சாவு வீட்டில் அவர்தான், தேருக்கும் அவர்தான். தேரில் முதலில் நடக்கிறவர் பெண்ணுக்கு, கடைசியில் நின்று தப்படிக்கிறவர் பிள்ளை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மறுக்க அது போதும்.

பழனியாண்டி அடிக்கவில்லை, கத்தவில்லை. கோயில் கமிட்டி ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது சொன்னார்: “நான் இந்தியாவுக்குப் போறேன். எங்க அரமனைய என் கண்ணால பாத்துட்டு வர்றேன். எங்க வில்லைக்கு அங்க மரியாத இல்லன்னா, நானே எம் பொண்ண தப்புக்காரர் வாசல்ல கொண்டு போய் விடுறேன். இருந்திச்சின்னா, இந்தப் பேச்ச இனி யாரும் எடுக்கக் கூடாது.”

வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது பேரைத் திரட்டி இந்தியாவுக்கு யாத்திரை கூட்டிப் போகிறவன் நான். கோபுரத்தைக் காட்டி, தெரிந்தது பாதி, தெரியாதது பாதி கலந்து கதை சொல்வேன். எந்தக் கல்வெட்டு முன்னால் என்னை நிறுத்தினாலும் அது கேட்கிறவர்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். அப்படிச் சொல்வதால்தான் எனக்கு ஆள் சேருகிறது. என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நல்லவன் போல நடிக்க வேண்டியிருக்காது.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது வினோதா கடைக்கு வந்தாள். ஆனி மாதத்து மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கணுக்காலில் ஏறியிருந்த அட்டையை வாசலில் கிடந்த உப்புச் சாக்கில் தேய்த்து உதறிவிட்டு, மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“அப்பாவ அந்த அரமனைக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே?”

“ராமேஸ்வரம் போற வழிதான் பிள்ள. ஒரு மணித்தியாலம் பஸ்ஸ நிப்பாட்டுவோம். இப்ப அது மியூசியமாம்.”

“அங்க என்ன எழுதியிருந்தாலும் நீங்க உள்ளத உள்ளபடி வாசிச்சுச் சொல்லணும். அப்பா ரெண்டாம் வகுப்புங்க. கையெழுத்துப் போடுவாரு, அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் இல்ல.”

“ஒங்கப்பா சொல்றது நெசமா இருந்தா?”

“இருந்தா சுதாகரன மறந்துடுறேன்னு நானும் சொல்லியிருக்கேன்.” ஈரத் தலைத்துணியைப் பிழிந்தாள். “ஆனா இருக்காதுங்க. ராசா பக்கத்துல ஒக்காந்தவன் எதுக்குங்க தேயில புடுங்கக் கப்பலேறி வர்றான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. “நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு” என்றாள்.

“வாசிச்சுச் சொல்றேன். அது என் பொறுப்பு” என்றேன். சாப்பிட ஒரு பணிஸ் கொடுத்தேன், வாங்காமல் மழைக்குள் இறங்கிப் போனாள்.

திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர், மதுரை எல்லாம் பார்த்து, ஐந்தாம் நாள் காலையில் அந்த அரண்மனை இருக்கிற செம்பனேந்தல் போய்ச் சேர்ந்தோம். எங்கள் குளிருக்குப் பழகிய உடம்பு அந்த வெயிலில் வெந்துபோனது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பாதிப் பேர் புளிய மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பழனியாண்டி மட்டும் தேருக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“இங்க செருப்போட போகலாங்க” என்றேன்.

“அரமனைக்கா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முற்றத்துக் கல் கொதித்தது. மனிதர் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தார். பின்னால் நாகலெட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பையோடு வந்தாள். பையில் இரண்டு கிலோ தேயிலைத் தூள். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தூளைச் சேர்த்து, சுளகில் புடைத்து, காம்பு பொறுக்கிக் கட்டியிருந்தாள். ராஜாவின் வாரிசு யாராவது இருந்தால் கொடுப்பதற்கு. வாரிசு மதுரையில் இருக்கிறாராம். பொங்கலுக்கு வந்து பூட்டுத் திறந்து பார்த்துவிட்டுப் போவாராம். இருந்தது பனியன் போட்ட ஒரு காவல்காரர்தான். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

பெரிய மண்டபம். சுண்ணாம்பு உதிர்ந்த தூண்கள், வௌவால் நாற்றம். நடுவில் கயிறு கட்டி ஒரே ஒரு நாற்காலி. பழனியாண்டி கும்பிட்டார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தார்.

“மத்த ஆசனமெல்லாம் எங்கங்க?”

“என்ன ஆசனம்?” என்றார் காவல்காரர். “ராசா ஒக்காருவாரு. மத்தவன் நிப்பான்.”

“எடுத்து உள்ள வச்சிருப்பாங்க” என்று பழனியாண்டி நாகலெட்சுமியிடம் சொன்னார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த அறையில் வாள்கள், ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய தலைப்பாகை, ராணியின் சீப்பு. அதற்கடுத்த அறையின் மூலையில், சன்னலுக்குப் பக்கத்தில், அவர் நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஆணியில் வரிசையாகப் பித்தளை வில்லைகள் தொங்கின. அதே குதிரைத் தலை. 7, 12, 19, 38 என்று இலக்கங்கள். நாற்பத்தொன்று இல்லை, அது ராகலையில் சிவப்புத் துணிக்குள் இருந்தது.

“நாகு, இங்க பாரு” என்றார்.  எங்களோடு உள்ளே வந்திருந்த ஏழெட்டுப் பெண்களும் ஆண்களும் கூடிவிட்டார்கள்; என்னைத் தவிர யாருக்கும் வாசிக்க வராது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக்கு ஒரு பக்கம் கோடுகளால் வரைந்த பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. மறு பக்கம் தமிழில் அச்சடித்த அட்டை. நான் அதைக் கண்ணால் வாசித்தேன்.

‘அரண்மனைச் சுமைகாரர் வில்லைகள். பல்லக்கு, விறகு, எச்சில் இலை, சாணம் ஆகியவற்றைச் சுமந்த கூலிகள் இதைக் கழுத்தில் அணிய வேண்டும். வில்லை இன்றிப் பின்வாசலுக்குள் நுழைந்தவர்க்குக் கசையடி தரப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது பலர் வில்லையோடு தப்பி ஓடினர்.’

இரண்டு தடவை வாசித்தேன். 

“சத்தமா வாசிங்க மொதலாளி” என்றாள் நாகலெட்சுமி. “எல்லாரும் கேக்கட்டும்.”

பழனியாண்டி கண்ணாடியைப் பார்த்தபடி கைகட்டி நின்றார். அவருடைய பாதம் முற்றத்துக் கல்லில் வெந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வினோதாவின் முகமும் நினைவுக்கு வராமல் இல்லை, வந்தது. இவ்வளவு பேர் முன்னால் வேண்டாம், ஆட்கள் போன பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிப்பதற்குள் வாய் தொடங்கிவிட்டது.

“அரசரின் அருகில் இருந்து பணியாற்றிய நம்பிக்கைக்குரிய பெரியோர்க்கு, மன்னர் தம் கையாலேயே அணிவித்த வில்லைகள் இவை. இவர்களது சேவையை அரண்மனை என்றென்றும் நினைவுகூரும்.”

இவ்வளவு நன்றாக நான் எந்தக் கோயிலிலும் வாசித்ததில்லை.

நாகலெட்சுமி அழுதாள். தேயிலைத் தூள் பையைக் காவல்காரர் கையில் வைத்து, “நீங்களாவது குடிங்க தம்பி” என்றாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கிற ஜெயந்தினி அப்போதுதான் உள்ளே வந்தாள். அவளுக்கு எதைக் கண்டாலும் போனில் படம் பிடிக்க வேண்டும். பழனியாண்டியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். அங்கிருந்தே அவள் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார். “வினோதா, எழுதி வச்சிருக்காங்கடி. மொதலாளியே வாசிச்சாரு. எல்லாரும் கேட்டாங்க” என்றார். மறு பக்கத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

ராமேஸ்வரத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். தீர்த்தமாடிவிட்டு மனிதர் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். சரி, திருச்சியில் என்று தள்ளினேன். திருச்சியில் எனக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். வலி ஒன்றும் இல்லை, பயம்தான்.

ஊருக்கு வந்தால் ராகலை முழுக்கப் பனி மூட்டம். எதிர்க்கடை தெரியவில்லை. லயத்து ஆட்கள் பஸ் நிற்கிற இடத்துக்கு மாலையோடு வந்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் பழனியாண்டிக்குப் போட்டார், எனக்கும் ஒன்று போட்டார்.

நாலாம் நாள் வினோதா வந்தாள். போனை மேசையில் வைத்தாள். ஜெயந்தினி எடுத்த படம். பழனியாண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவருடைய முழங்கைக்குப் பின்னால் அந்த அட்டை. வினோதா விரலால் அதை இழுத்துப் பெரிதாக்கினாள். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

“நீங்க வாசிச்சது இதுல எந்த வரியில இருக்கு?”

 “பிள்ள, அங்க அத்தன பேர் முன்னால...” என்று இழுத்தேன்.

“நான் அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ‘மொதலாளி வாசிச்சது பொய்யா? ஒன் இஷ்டத்துக்கு வாசிக்கிறியா?’ன்னு கேக்குறாரு. டிக்கோயாவுல இருந்து மாமன் மகன் விஜிதரன் வீட்டுக்காரங்க வெள்ளிக்கெழம நிச்சயம் பண்ண வர்றாங்க.” குரலை உயர்த்தவே இல்லை. “ஒங்களத் திட்ட வரலீங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. தெரியாமத்தானே அவரு பிடிவாதம் பிடிக்கிறாரு? தெரிஞ்சா விட்டுடுவாரு. எங்கப்பாவ எனக்குத் தெரியும்.”

அன்றைக்கே கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போனேன். தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் முழங்கால் வரை சேறு. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். லயத்துக்குப் போனபோது மாலை நாலு மணி இருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பீலிக் குழாய்த் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பழனியாண்டி தன் வீட்டு முன்கூடமான இஸ்தோப்பில் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நாகலெட்சுமி ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது.

“வாங்க மொதலாளி, ஒக்காருங்க. வினோதா, மொதலாளிக்குத் தேத்தண்ணி போடு.”

உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று நின்றபடியே சொன்னேன். அட்டையில் இருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னேன். பல்லக்கு, விறகு, எச்சில் இலை, கசையடி எல்லாம். நான் வாசித்தது என் வாயில் வந்த பொய் என்றும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்து இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார்.

“தெரியுங்க” என்றார்.

“என்ன தெரியும்?”

“பக்கத்துல ஒரு படம் மாட்டியிருந்திச்சே, பாக்கலயா? ஒருத்தன் தோள்ல கம்போட குனிஞ்சு நிக்கிறான். கழுத்துல வில்ல தொங்குது. படம் பாக்கவும் படிச்சிருக்கணுமா மொதலாளி? நாப்பத்தஞ்சு வருசமா நானும் அப்பிடித்தானே குனிஞ்சிருக்கேன்.” கத்தி முனையைக் கட்டை விரலில் தடவிப் பார்த்தார். “ஒங்க மூஞ்சியையும் பாத்தேன். நீங்க மொதல்ல மனசுக்குள்ள வாசிச்சீங்க. அப்பவே வெளங்கிட்டு.”

“தெரிஞ்சும் ஏன் பேசாம நின்னீங்க?”

“நீங்க வாசிச்சீங்களே, அதக் கேட்டுக்கிட்டு நின்னேன். எனக்கு அறுபத்திரண்டு வயசாகுது. என்னயப் பத்தி யாரும் எதையும் அப்பிடி வாசிச்சதில்லீங்க. பெரட்டுல நம்பர வாசிப்பாங்க. ஆஸ்பத்திரியில மருந்துத் துண்ட வாசிப்பாங்க. ஒங்க வாயால ‘பெரியோர்’ன்னு சொன்னீங்க. நாகு அழுதா. அத்தன சனம் கேட்டிச்சி. நான் போயி இல்ல இல்ல, நாங்க எச்சில எல செமந்தவங்கன்னு சொல்லணுமா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேலா, என் மேலா, தெரியாது. “அப்ப அந்தப் பிள்ளைக்கு நீங்க சொன்ன வாக்கு? சுதாகரன் அப்பா தப்படிக்கிறாரு. ஒங்க பூட்டன் பல்லக்குத் தூக்கினாரு. ரெண்டும் ஒண்ணுதானேய்யா?”

“ஒண்ணுதாங்க” என்றார் மெதுவாக. “முன்ன தெரியாது. இப்ப ஒண்ணுன்னு தெரிஞ்சு போச்சு. அதுனாலதான் குடுக்க முடியாது. குடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். தேர் அன்னிக்கு நான் எங்க போயி நிக்கிறது? சொல்லுங்க. நீங்க சொல்ற எடத்துல நிக்கிறேன்.”

 அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. அந்த நிமிடத்தில் அவர் அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே ரொட்டி தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. உள் அறையான காம்பராவின் கதவு நிலையில் வினோதா நின்றுகொண்டிருந்தாள். கையில் தேத்தண்ணிக் கோப்பை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கோப்பையை என் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் துடைத்தாள்.

“தெரியாமப் பேசுறாருன்னுதான் இத்தன நாளும் நெனச்சேன்” என்றாள் என்னிடம். அப்பாவைப் பார்க்கவில்லை. “தெரியாத மனுசனோட எத்தன வருசம்னாலும் சண்ட போடலாங்க.”

“வினோதா...” என்றார் பழனியாண்டி.

“சரிப்பா. வெள்ளிக்கெழம வரட்டும்.”

நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்து மகளைப் பிடித்துக்கொண்டாள். வினோதா அழவில்லை. தாயின் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போய், பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றும் பேனாவும் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

“கலியாணப் பத்திரிகைக்கு வாசகம் வேணுமில்லீங்களா மொதலாளி? நீங்களே எழுதிக் குடுங்க. வகையறா எல்லாம் போட்டு எழுதுங்க. ஒங்களுக்கு அது நல்லா வரும்.”

“வேணாம் பிள்ள, நான் சுதாகரன்கிட்டப் பேசுறேன், நீங்க ரெண்டு பேரும்...”

“அவரு என்ன செய்வாரு? என்னயக் கூட்டிட்டுப் போவாரு. மறுநாளு அவங்கப்பாவ இந்தத் தோட்டத்துல வச்சிருப்பாங்களா? எழுதுங்க.”

பழனியாண்டி தலையைத் தூக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.  வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடித்தது. பிறகு நான் எழுதினேன். எழுதி முடித்துக் கொப்பியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“வாசிங்க. அப்பாவுக்குக் கேக்கணும்.”

“நிகழும் மங்களகரமான ஆவணித் திங்கள்...” என்று தொடங்கினேன். “செம்பனேந்தல் அரண்மனை வகையறா, திருவாளர் பழனியாண்டி நாகலெட்சுமி தம்பதியரின் ஏக புதல்வி...”

பழனியாண்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

“மழையில கேக்கலீங்க” என்றாள் வினோதா. “மொதல்லேருந்து வாசிங்க. சத்தமா.”

நான் முதலிலிருந்து வாசித்தேன்.